பாதி கையில், பாதி திரையில்

எக்செல்லில் பல வருடம் வேலை பார்த்த யாராவது பக்கத்தில் இருந்தால், அவர்கள் விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் இருக்கும் கணக்கை விட்டுவிட்டு அதன் விடையை மட்டும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும் என்றால், ஆல்ட், ஈ, எஸ், வி என்று படபடவென்று தட்டி என்டர் அடிப்பார்கள். கண் திரையை விட்டு நகராது. ‘ஈ’ என்பது எடிட் மெனு. ‘எஸ்’ அதற்குள் இருந்த பேஸ்ட் ஸ்பெஷல். ‘வி’ அதற்கும் உள்ளே இருந்த வேல்யூஸ்.

வேடிக்கை என்னவென்றால், எக்செல்லில் இப்போது எடிட் மெனு என்று ஒன்று கிடையாது. 2007 ஜனவரி 30 அன்று பொதுச் சந்தைக்கு வந்த ஆஃபீஸ் 2007இல், ஃபைல், எடிட், வியூ என்று வரிசையாக நின்ற மெனுக்களைத் தூக்கிவிட்டு ‘ரிப்பன்’ என்ற அகலப் பட்டையை வைத்தது மைக்ரோசாஃப்ட். மெனு போய்விட்டது. ஆனால் அதைத் திறந்த விசைகளை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். வீட்டை இடித்தாயிற்று, பழைய சாவி இன்னும் திறக்கிறது.

அதே எடிட் மெனுவை மவுஸால் திறந்து வந்தவர்கள் கதை வேறு. பத்து வருடமாகத் திரையின் இடது மேல் மூலைக்குத் தானாகப் போன கை, அன்றைக்கும் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ‘எங்கடா போச்சு அது?’ என்று உலகம் முழுக்க அலுவலகங்களில் கேட்கப்பட்ட கேள்விக்கு, ‘பழகிக்கோங்க’ என்பதுதான் பதில்.

இரண்டுமே பழக்கம்தான். இரண்டுமே வருடக்கணக்கில் சேர்த்தவை. ஒன்றைக் காப்பாற்றியவர்கள் மற்றொன்றை ஏன் கைவிட்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது வருடக் கதை இருக்கிறது.

*

முதலில், ‘தசை நினைவு’ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. தசைக்கு நினைவு கிடையாது. நினைவு இருப்பது மூளையில்தான். ஆனால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை வைத்திருக்கும் இடத்தில் இல்லை.

இது தெரியவந்த விதம் சோகமானது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைக் குணப்படுத்த மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. இப்போது பேசிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அவர் புதியவர். 2008இல் இறக்கும்வரை அவரை ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துகளில்தான் உலகம் அறிந்திருந்தது.

மான்ட்ரியலைச் சேர்ந்த ப்ரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம். அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். யாராக இருந்தாலும் முதல் தடவை கோடு தாறுமாறாகப் போகும். மொலைசனுக்கும் போனது. மூன்று நாட்களில் கோடு சீரானது, தவறுகள் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை இதுதான் முதல் தடவை. முன்னால் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. அவருக்குத் தெரியாமல் அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

மவுஸ் பிடிக்கும் எல்லோரும் ஒருகாலத்தில் அந்தக் கண்ணாடிப் பாடத்தைப் படித்தவர்கள்தான். கை மேசையில் படுக்கைவாட்டில் நகர்கிறது, அம்பு செங்குத்தான திரையில் நகர்கிறது. கையை முன்னால் தள்ளினால் அம்பு மேலே போகிறது. கை ஒரு அங்குலம் நகர்ந்தால் அம்பு ஐந்து அங்குலம் ஓடுகிறது. நமக்கு இது விநோதமாகவே படுவதில்லை. முதல்முறை மவுஸைத் தொடும் பெரியவர்களைப் பார்த்தால்தான் தெரியும், இது எவ்வளவு விநோதம் என்று. மேசை முடிந்துவிட்டது, இதற்கு மேல் எப்படி நகர்த்துவது என்று கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தூக்கி நடுவில் வைக்கலாம் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

அந்த ‘தூக்கி வைப்பது’ முக்கியமான விஷயம். கீபோர்டில் ‘ஏ’ என்ற விசை எப்போதும் அதே இடத்தில் இருக்கும். விரல் அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். மவுஸுக்கு அப்படி இடம் கிடையாது. தூக்கி வேறெங்காவது வைத்தால் அம்பு நகராது. மேசையின் இந்தப் புள்ளி என்றால் திரையின் அந்தப் புள்ளி என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. எனவே மவுஸ் பிடித்த கை ஓர் இடத்தை மனப்பாடம் செய்யவே முடியாது. அது மனப்பாடம் செய்வது ஓர் உறவை: அம்பு இங்கே இருக்கிறது, பட்டன் அங்கே இருக்கிறது, இவ்வளவு தள்ளு. அந்தப் பட்டன் வழக்கமான இடத்தில் இருந்தால்தான் கண் முன்கூட்டியே அங்கே போகும், கை பின்னாலேயே போகும். மவுஸ் பழக்கத்தில் பாதி கையில் இருக்கிறது. மீதிப் பாதி திரையில்.

*

கையின் வேகத்துக்குக் கணக்கு எழுதியவர் பால் ஃபிட்ஸ். அமெரிக்க விமானப் படைக்காக வேலை செய்த உளவியலாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், விமானிகள் செய்ததாகச் சொல்லப்பட்ட 460 தவறுகளைத் திரட்டி அவரும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 1947இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானியின் கவனக்குறைவு என்று முடித்துவைக்கப்பட்ட பல சம்பவங்களுக்குப் பின்னால் வேறு விஷயம் இருந்தது. ஒரு கைப்பிடிக்குப் பதிலாகப் பக்கத்துக் கைப்பிடியை இழுத்துவிடுகிறார்கள். ஏன்? பி-25, சி-47, சி-82 என்ற மூன்று விமானங்களில், இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அதே மூன்று கைப்பிடிகள் மூன்று விதமான வரிசையில் இருந்தன. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் ஏறி உட்கார்ந்ததும் பழைய வரிசைப்படி இயங்குகிறது. அவசர நேரத்தில், யோசிக்க நேரம் இல்லாதபோது, கட்டாயம் அப்படித்தான் இயங்கும். தவறு விமானியின் கையில் இல்லை, கைப்பிடிகளை மாற்றி வைத்ததில் இருந்தது.

1954இல் அதே ஃபிட்ஸ் ஒரு சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகள். கையில் ஒரு குச்சி. இரண்டையும் மாறி மாறித் தட்ட வேண்டும், முடிந்த அளவு வேகமாக. தகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் தகடுகளின் அகலத்தையும் மாற்றி மாற்றி அளந்தார். கிடைத்தது ஓர் அழகான விதி: இலக்கு தூரமாக இருந்தால் நேரம் கூடும், சிறிதாக இருந்தாலும் கூடும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது, ஒரே அளவு மட்டும் ஏறும். அதேபோல அகலம் பாதியானாலும் அதே அளவுதான் ஏறும். தூரமும் அகலமும் சேர்ந்துதான் ஓர் அசைவின் கஷ்டத்தைத் தீர்மானிக்கின்றன.

அப்போது மவுஸ் என்று எதுவும் இல்லை. ஃபிட்ஸ் விதி தனக்கான கருவிக்காகக் காத்திருந்தது.

*

கருவி 1964இல் வந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்ததை, பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் செய்து கொடுத்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பட்டன்.

எங்கல்பார்ட் குழு தங்கள் கருவிதான் சிறந்தது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடவில்லை. நாசா கொடுத்த பணத்தில் ஒரு போட்டியே வைத்தார்கள். ஒளிப் பேனா, ஜாய்ஸ்டிக், கிராஃபகான் என்ற சுழலும் கைக் கருவி, மேசைக்கு அடியில் முட்டியால் நகர்த்தும் ஒரு கருவி, மவுஸ். எதைக் கொண்டு திரையில் உள்ள எழுத்தை வேகமாகவும் சரியாகவும் தொட முடிகிறது என்று அளந்தார்கள். பழகியவர்கள் கையில் மவுஸ் வென்றது. ஆனால் புதியவர்களுக்கு முட்டிக் கருவியும் ஒளிப் பேனாவும்தான் மவுஸைவிட நன்றாக வந்தன. முட்டிக் கருவிக்கு ஒரு கூடுதல் வசதி: கை கீபோர்டை விட்டு நகரவே வேண்டாம்.

இந்த முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘யார் வேண்டுமானாலும் எடுத்தவுடன் பயன்படுத்தக் கூடியது’ என்றுதான் நாம் மவுஸைப் பற்றி நினைக்கிறோம். ஆனால் அது ஜெயித்தது பழகியவர்களிடம். மவுஸ் பிறக்கும்போது அது தேர்ந்தவரின் கருவி.

எங்கல்பார்ட் கனவு கண்டதும் தேர்ந்தவரைத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னால் அவர் ஒன்றரை மணி நேரம் செய்துகாட்டிய செயல்விளக்கம் இன்று புராணம் ஆகிவிட்டது. அதன் படத்தைப் பார்த்தால் நடுவில் கீபோர்டு, வலது கையில் மவுஸ். இடது கைக்கு? ஐந்து விசைகள் கொண்ட ஒரு சின்னப் பலகை. பியானோவில் ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பதுபோல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 31 சேர்க்கைகள் கிடைக்கும். எழுத்துகளுக்கும் கட்டளைகளுக்கும் அது போதும். வலது கை இடத்தைக் காட்டும், இடது கை கட்டளை கொடுக்கும். இரண்டு கையும் எங்கும் அலைய வேண்டாம்.

கற்றுக்கொள்ளக் கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று சக்கர சைக்கிளையும் இரண்டு சக்கர சைக்கிளையும் காட்டி எங்கல்பார்ட் வாதாடினார். மூன்று சக்கரத்தில் யாரும் ஏறியவுடன் ஓட்டலாம். அதற்காக வளர்ந்தபிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருப்பீர்களா?

உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது. ஐந்து விசைப் பலகையை விட்டுவிட்டது.

*

எடுத்துக்கொண்ட இடம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையம், அதாவது பார்க். பில் இங்கிலிஷும் அங்கேதான் போனார். 1973இல் அங்கே உருவான ஆல்டோ கணினியில் மவுஸ் உண்டு. ஐந்து விசைப் பலகையும் இணைக்கலாம், ஆனால் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அங்கே லாரி டெஸ்லர் என்பவர் எதிர்த் திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். கணினியைத் தொட்டே பார்க்காதவர்களை உட்காரவைத்து, அவர்களுக்கு எது இயல்பாகப் படுகிறது என்று பார்த்தார். அவரும் டிம் மாட்டும் 1975இல் முடித்த ‘ஜிப்ஸி’ என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருள், ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஒரு பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காகச் செய்யப்பட்டது. தாளை வெட்டிப் பசை தடவி ஒட்டிப் பழகியவர்கள் அவர்கள். நாம் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் அவர்கள் மேசையிலிருந்து திரைக்கு வந்ததுதான். மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

அதே பார்க்கில் ஸ்டூவர்ட் கார்ட், பில் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில்தான் ஃபிட்ஸ் விதியும் மவுஸும் சந்தித்தன. மவுஸின் வேகம் அந்த விதிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. அதுமட்டுமல்ல, கண்ணும் கையும் சேர்ந்து ஓர் இலக்கைத் தொடுவதற்கு இருக்கும் எல்லையை மவுஸ் ஏறக்குறைய எட்டிவிட்டது. சுட்டும் வேலையில் இதைவிட ரொம்ப வேகமான கருவி வருவது கடினம் என்று இதற்கு அர்த்தம்.

பிறகு கார்டும், டாமஸ் மோரனும், ஆலன் நியூவெல்லும் 1980இல் ஒரு கணக்குமுறையே போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத் தட்டச்சு செய்பவர் ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 விநாடி. கை கீபோர்டிலிருந்து மவுஸுக்குப் போக 0.4 விநாடி. ‘அடுத்து என்ன?’ என்று மனம் தயாராக 1.35 விநாடி. இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், மெனுவைத் திறந்து காப்பி என்பதைச் சொடுக்கிவிட்டுக் கை திரும்ப 3.4 விநாடி ஆகிறது. இரண்டு விசை தட்டினால் 0.4 விநாடி.

பட்டியலில் மிகப் பெரிய எண் எது என்று பாருங்கள். கை நகர்வது இல்லை. மனம் தயாராவதுதான். பழக்கம் உண்மையில் மிச்சப்படுத்துவது அதை. எந்த அசைவு யோசனையே இல்லாமல் நடக்கிறதோ, அதற்கு அந்த 1.35 விநாடி தேவைப்படாது.

*

மவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஆப்பிள். 1983இல் 9,995 டாலருக்கு லிசா, 1984 ஜனவரி 24 அன்று 2,495 டாலருக்கு மெக்கின்டாஷ். ஒரே ஒரு பட்டன் உள்ள மவுஸ். முதல் மெக்கின்டாஷின் கீபோர்டில் அம்புக்குறி விசைகளே இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. அவை இருந்தால் ஜனங்கள் பழைய பழக்கத்துக்கே போவார்கள், மவுஸைத் தொட மாட்டார்கள். புதுப் பழக்கம் வர வேண்டுமென்றால் பழைய பாதையை அடைத்துவிடு!

ஆனால் அதே ஆப்பிள் கைக்கு ஒரு நல்ல காரியமும் செய்தது. மெனு வரிசையை ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் வைக்காமல் திரையின் உச்சி ஓரத்தில் வைத்தது. அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகாது. கையை எவ்வளவு வேகமாக மேலே வீசினாலும் அம்பு மெனுவில் போய் நிற்கும். ஃபிட்ஸ் கணக்குப்படி அந்த மெனு எல்லையற்ற உயரம் கொண்டது. திரையில் கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய இடங்கள் நான்கு ஓரங்களும் நான்கு மூலைகளும்தான். மவுஸ் பிடித்த கைக்கு ‘ஏ’ விசைபோல ஏதாவது உண்டென்றால் அவைதான்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95, ஸ்டார்ட் பட்டனை இடது கீழ் மூலையில் வைத்தது. அருமையான இடம். ஆனால் பட்டனுக்கும் மூலைக்கும் நடுவே ஓரிரு பிக்சல் இடைவெளி. கையை மூலைக்கு வீசிச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் பின்வாங்கிக் குறிபார்க்க வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

தட்டச்சு படிக்க நம் ஊரில் இன்ஸ்டிட்யூட் இருந்தது. லோயர், ஹையர் என்று பரீட்சை இருந்தது, சான்றிதழ் இருந்தது. மவுஸுக்கு என்ன இருந்தது? சாலிட்டேர். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த அந்தச் சீட்டாட்டம், பிடித்து இழுத்து விடுவதை ஜனங்களுக்குப் பழக்கியது என்று சொல்வார்கள். அலுவலகத்தில் மேனேஜர் வந்ததும் அவசரமாக மூடிய அந்த ஜன்னல்தான் கோடிக்கணக்கானவர்களின் மவுஸ் இன்ஸ்டிட்யூட். பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. அதனாலேயே அதை ஒரு திறமை என்று யாரும் எண்ணவில்லை. தட்டச்சு ‘கற்றது’, மவுஸ் ‘தானாக வந்தது’. அந்த ஆல்ட்-ஈ-எஸ்-வி கேள்விக்குப் பதிலில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. திறமை என்று பெயர் வைக்காத ஒன்றை இழந்தால், இழப்பு என்றும் யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.

*

மவுஸ் வேகமா, கீபோர்டு வேகமா? இந்தச் சண்டைக்கு முடிவே இல்லை. ஆப்பிளில் இடைமுகங்களை வடிவமைத்த ப்ரூஸ் டோக்னாசினி 1980களின் இறுதியில் எல்லோரையும் கோபப்படுத்தும் ஒன்றைச் சொன்னார். கீபோர்டுதான் வேகம் என்று சோதனைக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள், கடிகாரமோ மவுஸ்தான் வேகம் என்கிறது. விசைச் சேர்க்கையை ஞாபகப்படுத்த மூளை எடுக்கும் நேரம் நமக்கு உறைப்பதில்லை, மவுஸை நகர்த்தும் நேரம் மட்டும் சலிப்பாக உறைக்கிறது என்பது அவர் விளக்கம்.

கார்ட் குழுவின் கணக்கோடு சேர்த்துப் படித்தால் இதில் முரண்பாடு இல்லை. விசையை ‘ஞாபகப்படுத்த’ வேண்டியிருக்கும்வரை மவுஸ் ஜெயிக்கும். விசை விரலுக்குள் இறங்கிய பிறகு கீபோர்டு ஜெயிக்கும். கேள்வி, அது விரலுக்குள் இறங்குமா என்பது.

பெரும்பாலும் இறங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் அனுபவமுள்ள 251 பேரிடம் எடுக்கப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி செய்யும் வேலைகளுக்குக்கூடப் பலர் படச்சின்னங்களைத்தான் சொடுக்கினார்கள், விசைகளுக்கு மாறவில்லை. இது சோம்பல் அல்ல. ஐபிஎம்மின் ஜான் கரோலும் மேரி பெத் ராசனும் 1987இலேயே இதற்குக் காரணம் சொல்லியிருந்தார்கள்: ஜனங்கள் கணினி முன்னால் உட்காருவது வேலையை முடிக்க, கணினியைக் கற்க அல்ல. நாளைக்கு வேகமாகச் செய்வதற்காக இன்றைக்கு மெதுவாகச் செய்ய யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அப்படியென்றால், கற்பதற்கென்று தனியாக நேரம் கேட்காத ஓர் இடைமுகம் வேண்டும். செய்யச் செய்யக் கை தானாகத் தேற வேண்டும். அதைச் செய்தும் காட்டினார்கள்.

1988இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜாக் கலஹன், டான் ஹாப்கின்ஸ் முதலியோர் மெனுவை வரிசையாகத் தொங்கவிடாமல் அம்பைச் சுற்றி வட்டமாக அடுக்கினார்கள். எட்டுத் தேர்வுகள், எட்டுத் திசைகள். தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வரிசை மெனுவைவிட இது சுமார் 15 சதவீதம் வேகமாக இருந்தது. அதைவிட முக்கியம், ‘மேலிருந்து ஐந்தாவது’ என்பதைக் கை நினைவில் வைக்காது, ‘வலது பக்கம் கீழே’ என்பதை வைக்கும். திசைக்கு, அம்பு எங்கே இருக்கிறது என்பதே தேவையில்லை. திரையில் இருந்த பாதி கைக்கு வந்துவிடுகிறது.

டொரன்டோவில் கார்டன் கர்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். மவுஸ் பட்டனை அழுத்திக் கொஞ்சம் காத்திருந்தால் வட்ட மெனு தோன்றும், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். காத்திருக்காமல் அந்தத் திசையில் ஒரு கோடு இழுத்தால், மெனு தோன்றாமலேயே வேலை நடந்துவிடும். புதியவர் பார்த்து இழுக்கும் கோடும் தேர்ந்தவர் பார்க்காமல் இழுக்கும் கோடும் ஒன்றேதான். ஒவ்வொரு தடவை தேடும்போதும் கை ஒத்திகை பார்த்துக்கொள்கிறது. எங்கல்பார்டின் இரண்டு சக்கர சைக்கிளுக்கு ஓட ஓடத் தானாகக் கழன்றுகொள்ளும் துணைச் சக்கரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் இது இருக்கிறது. அனிமேஷன் கலைஞர்கள் கை மந்திரம் போல ஓடுவதைப் பார்த்திருந்தால், அதில் இந்த மெனுவுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அலுவலகக் கணினிக்கு இது வரவில்லை. அங்கே வந்தது எதிர்ப்பக்கத்துச் சரக்கு.

*

ஆஃபீஸ் 2000இல், நீங்கள் அதிகம் பயன்படுத்தாத தேர்வுகளை மெனு தானாக மறைத்துக்கொண்டது, பயன்படுத்துபவற்றை மட்டும் காட்டியது. உங்களுக்கு உதவி செய்யத்தான். ஆனால் நேற்று ஏழாவதாக இருந்தது இன்று நான்காவது. கண் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. 2004இல் கனடாவில் லியா ஃபின்ட்லேட்டரும் ஜோவானா மக்ரெனரும் சோதித்துப் பார்த்தபோது, இப்படித் தானாக மாறும் மெனுவைவிட, மாறாமல் நிற்கும் மெனுவே வேகமாக இருந்தது. மூன்றாவதாக ஒரு மெனுவையும் சோதித்தார்கள்: பயன்படுத்துபவரே தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்வது. பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது அதுதான்.

2012 அக்டோபர் 26 அன்று வந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனே காணோம். பதினேழு வருடப் பழக்கம். எதிர்ப்பு வந்தபின் 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பி வந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11 அதை மூலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தது. நடு என்றால் நிலையான இடம்கூட இல்லை. புதிதாக ஒரு மென்பொருளைத் திறந்தால் வரிசை நீள்கிறது, ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கம் கொஞ்சம் நகர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய அரிய இடம் ஒன்றை விட்டுவிட்டு, குறிபார்த்தே தீர வேண்டிய, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிட்ஸ் விதி தெரியாதவர்களா அவர்கள்? நிச்சயம் இல்லை.

மாற்றுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரிப்பன் வருவதற்கு முன்பு வேர்டு 2003இல் 31 டூல்பார்கள் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று புதிதாக வருபவரால் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு போக முடியாதுதான்.

இங்கேதான் ஆரம்பக் கேள்விக்கு மீதிப் பதில் கிடைக்கிறது. பழைய விசைகளைக் காப்பாற்ற மைக்ரோசாஃப்டுக்குத் திரையில் ஒரு பிக்சல்கூடத் தேவைப்படவில்லை. அவை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்துவிட்டுப் போகலாம். மவுஸ் பழக்கத்தைக் காப்பாற்ற இடம் வேண்டும். அந்த இடத்தை அடுத்து வாங்கப்போகிறவருக்குக் காட்ட வேண்டிய புதுப் பொருள் கேட்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவரின் கைக்கும், இனிமேல் வாங்கப்போகிறவரின் கண்ணுக்கும் நடக்கும் போட்டி இது. பெரும்பாலும் கண் ஜெயிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு கறாராக நடந்துகொள்பவர்கள் துப்பாக்கிச் சண்டை விளையாடும் கேமர்கள். 1997இல் குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டை உருவாக்கிய ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக வாங்கியவர் ‘த்ரெஷ்’ என்ற டென்னிஸ் ஃபாங். இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில் என்ற அந்த விளையாட்டு முறை அவரால் பரவியது. எங்கல்பார்டின் இரண்டு கைக் கனவு வேறு வேஷத்தில் வந்ததுபோல இருக்கிறது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் போட்டிக்குத் தங்கள் மவுஸோடு வருகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் தள்ளினால் விளையாட்டுக்குள் ஒரு முழுச் சுற்றுத் திரும்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அளவை லேசில் மாற்ற மாட்டார்கள். வேகமாக நகர்த்தினால் அம்பு கூடுதலாகப் பாயும்படி விண்டோஸ் வைத்திருக்கும் ‘உதவி’யை முதல் வேலையாக அணைத்துவிடுவார்கள். தங்கள் பழக்கத்தின் இரண்டு பாதிகளும் தங்களிடமே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சமரசம் இல்லை. அதை யாரும் பிற்போக்கு என்பதில்லை, ப்ரொஃபஷனல் என்கிறார்கள்.

அதையே நம் ஊர் டிடிபி சென்டரில் ஒருவர் செய்தால்? அடோபி பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் பக்கம் கட்டிய எத்தனையோ கைகள் அதன்பிறகும் வருடக்கணக்கில் அதிலேயே வேலை செய்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் கை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவருக்கு, கருவிப் பெட்டி இடம் மாறுவது என்பது அழகியல் பிரச்சினை அல்ல. அடுத்த சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு முடிக்கும் பக்கங்கள் குறையும், அவ்வளவுதான். அந்த நஷ்டத்தை மென்பொருள் நிறுவனம் தராது, முதலாளியும் தர மாட்டார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் பட்டம், ‘அப்டேட் ஆகாதவர்’.

1947இல் ஃபிட்ஸ் எழுதியதை இந்த இடத்தில் மறுபடி நினைத்துக்கொள்ளலாம். பழைய வரிசையில் கை போனால் அது கையின் குற்றம் அல்ல. விமானம் விழுந்தால் விசாரணை உண்டு. அதனால் அங்கே கைப்பிடிகளை ஒழுங்குபடுத்தக் காரணம் இருந்தது. மேசைக் கணினியில் யாரும் விழுவதில்லை. ஆளுக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி, கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் ‘எனக்கு வயசாயிடுச்சோ’ என்ற சந்தேகம். எந்தக் கணக்கிலும் ஏறாமல் சிதறிப்போகும் நஷ்டம் இது.

விண்டோஸ் 11இன் அமைப்புகளுக்குள் போய், டாஸ்க்பார் பகுதியைத் திறந்து கீழே போனால், ஐகான்களை இடப்பக்கம் வைக்க ஒரு தேர்வு இருக்கிறது. ஸ்டார்ட் பட்டன் மூலைக்குத் திரும்பிவிடும். அலுவலகத்திலோ வீட்டிலோ யாராவது ‘இந்தப் புது விண்டோஸ் எனக்குக் கை வரமாட்டேங்குது’ என்று சொன்னால், பழகிக்கோங்க என்று சொல்வதற்கு முன்னால் அதை மாற்றிக் கொடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.